‘ஊரோம்’ என்றோம் அன்று. ‘கொம்யூன்’ என்கின்றோம் இன்று!



புதுவையினின்று மேற்கே விழுப்புரம் நோக்கிச் செல்வோர் வில்லியனூரில் ஓர் அலுவலகப் பெயர்ப்பலகையைக் காணலாம். தெற்கே கடலூர்ச் சாலையினின்று பிரிந்து பாகூர்க்குச் செல்வோரும் அத்தகைய பலகை ஒன்றைக் காண்பர். ‘வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்து’ என்றும், ‘பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து’ என்றும் அவற்றின் பெயர்கள் வழங்கும். சொற்கள் மூன்று, மூன்றும் தமிழெழுத்தில் உள்ளன. ஆயின், அவற்றுள் தமிழ் ஊர்ப்பெயர் ஒன்றே! நடுவில் நிற்பது பிரெஞ்சுச் சொல்; இறுதியில் நிற்பது வடசொல். ஊர் தமிழர்க்கு உரியது. ஊரை ஆளும் அமைப்பின் பெயரோ இரண்டு வேற்றுமொழிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கப் பெற்றுள்ளது.

‘பஞ்சாயத்து’ என்னும் வடசொல்லைப் பற்றிப் பலரும் பலகாலும் எழுதியுள்ளனர். ‘ஊராட்சி’ என்னும் நற்றமிழ்ச் சொல் அதனைத் தமிழ்நாட்டில் ஏறத்தாழ வென்றும் விட்டது. எனவே, அதனை ஈண்டு விடுத்து, புதுவை மண்ணில் மட்டும் வேரின்றி நிற்கும் ‘கொம்யூன்’ என்னும் பெயர்ச்சொல்லை எடுத்துக்கொள்வோம். அஃது எங்குப் பிறந்தது? எவ்வாறு வந்தது? தமிழில் எவ்வாறு நடக்கின்றது? அதனால் நாம் இழப்பது என்ன? இவற்றை ஒவ்வொன்றாய்க் காண்போம்.

அதற்குமுன் ஒரு சிறு நிகழ்ச்சி. பாகூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் தேநீர்க் கடையில் யாம் ஒருநாள் அமர்ந்திருந்தபோது, தூர்ந்துபோன வடிவாய்க்கால் ஒன்றைப் பற்றிப் பேச்செழுந்தது. மழைநீர் வடிய வழியின்றித் தெருவில் நிற்கின்றது. அதனைத் தூர்வார வேண்டியவர் யார்? ஓர் இளைஞர், “கொம்யூன்ல எழுதிக் குடுத்திருக்கு” என்றார். அருகிருந்த முதியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே, “ஊருன்னா நாம, தம்பி, கொம்யூன்னா அவங்க” என்றார்.

அம்முதியவர் இலக்கணம் கற்றவரல்லர். ஆயினும், இக்கட்டுரை முழுமையும் சொல்லப் புகுவதை அவர் ஐந்து சொற்களில் சொல்லி முடித்துவிட்டார். ‘ஊர்’ என்பது நாம். ‘கொம்யூன்’ என்பது அவர்கள்! இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதே நம் ஆராய்ச்சி.

சொல் வந்த வழி

இலத்தீன் மொழியில் ‘கொம்’ என்னும் முன்னொட்டுக்கு ‘உடன்’, ‘கூட’ என்பன பொருள். ‘மூனுசு’ என்பதற்குக் கடமை, பணி, கொடை என்பன பொருள். இவ் விரண்டன் வழிவந்த ‘கொம்மூனிசு’ என்னும் பெயரடை, கடமையைக் கூடிச் சுமப்பது என்னும் கருத்தினின்று ‘பொதுவானது’ என்னும் பொருள் பெற்றது. அதன் பன்மை வடிவம் ‘கொம்மூனியா’, அஃதாவது ‘பொதுவானவை’. இது நாளடைவில் ஒருமைப் பெயராகவும் பெண்பாற் பெயராகவும் மயங்கிக் கொள்ளப்பட்டுப் பிரெஞ்சில் ‘கொம்யூன்’ என நின்றது. இன்றும் பிரெஞ்சுக்காரர்க்குக் கொம்யூன் என்பது பெண்பாற் சொல்லே.

இச்சொல் தான் பிறந்த நாட்டில் பெருமையுடன் வாழ்ந்த சொல் என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. 12ஆம் நூற்றாண்டில் வடபிரெஞ்சு நாட்டு நகர மக்கள், தம்மை ஆண்ட பெருநிலக் கிழார்க்கும் சமயத் தலைவர்க்கும் எதிராக ஒன்றுகூடிச் சூளுரைத்துத் தம் நகரைத் தாமே ஆள முற்பட்டனர். அச்சூளுறவுக் கூட்டமே கொம்யூன் எனப்பட்டது. இலான் என்னும் நகரில் 1112ஆம் ஆண்டு அதன்பொருட்டுப் பெருங்கிளர்ச்சியே நிகழ்ந்தது. 1789ஆம் ஆண்டுப் புரட்சியின்போது, அவ்வாண்டு திசம்பர் 14ஆம் நாட் சட்டத்தால் நாடு முழுமைக்கும் தேர்ந்தெடுக்கப் பெற்ற ஊர்மன்றங்கள் அமைந்தன. 1871ஆம் ஆண்டு பாரிசு நகர மக்கள் தம் நகராட்சியைத் தாமே கைக்கொண்டு 72 நாள் நடாத்திக் குருதி சிந்தியதும் அப்பெயராலேயே.

ஆயின், நம் மண்ணிற்கு அச்சொல் வந்த வழி வேறு. இங்கு எவரும் சூளுரைக்கவில்லை; எவரும் கூடவில்லை. பாரிசுக் கொம்யூன் குருதி வெள்ளத்தில் அழிக்கப்பெற்ற ஒன்பதாம் ஆண்டு, 1880 மார்ச்சு 12ஆம் நாள், பிரெஞ்சரசு பிறப்பித்த ஆணை ஒன்றன் வழியாக அது கப்பலேறி வந்தது. அவ்வாணையால் பிரெஞ்சிந்தியப் பகுதிகளில் பத்துக் கொம்யூன்கள் வகுக்கப் பெற்றன. புதுவைப் பகுதியில் புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர் என நான்கு. 1907ஆம் ஆண்டு அவை பதினேழாகப் பெருக்கப் பெற்றன. தேர்தல் என ஒன்று வைத்தனர். ஆனால் தேர்வோரைத் தனித்தனிப் பட்டியல்களாகப் பிரித்து, விரல்விட்டு எண்ணத்தக்க ஐரோப்பியர்க்கு அவர்தம் தொகைக்குச் சற்றும் பொருந்தாத பேரிடம் தந்தனர். கொம்யூனின் தலைவர்க்கு ‘மேர்’ என்று பெயர். அவர்தம் அலுவலகம் ‘மேரி’. ‘மேர்’ என்பது இலத்தீனில் ‘மற்றவரினும் பெரியவர்’ என்னும் பொருளுடைய சொல்லின் வழியது. நம் ஊர்களில் ‘பெரியவர்’ என்னும் சொல்லுக்கு என்ன பஞ்சமோ, யாம் அறியோம்!

1954 நவம்பர் முதல் நாள் பிரெஞ்சியர் ஆட்சியைக் கையளித்தனர். 1962 ஆகத்து 16ஆம் நாள் அது சட்டப்படியும் முடிந்தது. அவர்கள் சென்றனர்; அவர்தம் சொல் செல்லவில்லை. 1973ஆம் ஆண்டு புதுவைச் சட்டமன்றம் இயற்றிய ஊராட்சிச் சட்டத்தின் பெயரிலேயே ‘கொம்யூன்’ வந்து அமர்ந்துகொண்டது. அச்சட்டத்தின் வழி வில்லியனூர், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம், அரியாங்குப்பம் என ஐந்தும், காரைக்காற் பகுதியில் ஐந்துமாகப் பத்துக் கொம்யூன்கள் நிலைபெற்றன. வந்தவன் விட்டுச் சென்ற குப்பாயத்தை வீட்டுக்காரனே எடுத்து அணிந்துகொண்டது போன்றதன்றோ இது?

இதில் ஒரு வியப்பும் உண்டு. ‘கொம்யூன்’ என்னும் சொல்லின் மகளே ‘கம்யூனிசம்’ என்பது. அம்மகள் தமிழகத்திற்கு வந்தபோது நம்மவர் ‘பொதுவுடைமை’ என்று தமிழ்ப்பெயரிட்டு அழைத்தனர். உழைப்பாளர் கூட்டங்களில் அப்பெயர் முழங்கிற்று. கற்றோரும் கல்லாதோரும் அதன் பொருளை உடனே உணர்ந்தனர். மகளுக்குத் தமிழ்ப்பெயர் சூட்ட முடிந்த நமக்குத் தாய்க்குப் பெயர் சூட்ட மட்டும் நாவெழவில்லை!

சொல் நடக்கும் முறை

இனி, இச்சொல் தமிழில் எவ்வாறு நடக்கின்றது எனக் காண்போம். அயற்சொல் ஒன்று நம் மொழியில் குடியேறிற்றா, அன்றி வாயிலிலேயே நிற்கின்றதா என்பதை இலக்கணமே காட்டும்.

முதற்கண் எழுத்து. கொகரம் சொல்லுக்கு முதலாகும். னகர மெய் ஈறாகும். இடையில் மகர மெய்யின்முன் யகரம் வருவதைத் தொல்காப்பியமும் நன்னூலும் ஒப்புகின்றன. ஆயினும், உரையாசிரியர் அதற்குக் காட்டும் எடுத்துக்காட்டு ‘திரும் யாது’ என்றாற்போல இருசொல் சந்திக்கும் இடமே. ஒரு சொல்லின் நடுவே அம்மயக்கம் காண்டல் அரிது. எனவே, எழுத்தளவில் இதனைத் தள்ள முடியாது. ஆனால், நாவளவில் அஃது ஒட்டவுமில்லை. பிரெஞ்சு வழியினர் ‘கொம்யூன்’ என்பர். ஆங்கிலம் படித்தோர் ‘கம்யூன்’ என்பர். 140 ஆண்டுகளுக்கு மேலாகியும் முதலெழுத்திலேயே உறுதி பெறாத சொல் இது.

அடுத்துப் பால். இலத்தீனில் பன்மையாய் இருந்து, பிரெஞ்சில் பெண்பால் ஒருமையாய் மாறிய இச்சொல், தமிழில் அஃறிணை ஒன்றன்பால் ஆயிற்று. தமிழில் பால் என்பது சொல்லின் மேலதன்று, பொருளின் மேலது ஆகலின், இம்மாற்றம் இயல்பே.

மூன்றாவது வேற்றுமை. கொம்யூனை, கொம்யூனுக்கு, கொம்யூனில் என உருபுகளை இஃது ஏற்கின்றது. ‘பாருங்கள், தமிழாகிவிட்டதே’ என இதனைக் கொண்டு மகிழ்வார் உளர். உருபேற்றல் உறவுக்குச் சான்றன்று. ‘நெப்போலியனை’ என்றாலும், ‘இலண்டனுக்கு’ என்றாலும் உருபு ஒட்டத்தான் செய்யும். விருந்தினனுக்கும் இலை போடுவது தமிழின் பண்பு. அதனால் அவன் குடும்பத்தான் ஆகிவிடான்.

நான்காவது புணர்ச்சி. பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம். பொன்னும் தாமரையும் சேர்ந்தால் பொற்றாமரை. ‘கொம்யூன்’ என்பதும் ‘சாலை’ என்பதும் சேர்ந்தால் அம்முறைப்படி ‘கொம்யூற்சாலை’ என்றன்றோ ஆதல் வேண்டும்? எவரேனும் அங்ஙனம் எழுதுகின்றனரா? எழுதினால் நகைக்கமாட்டோமா? தன் ஈற்றெழுத்தைத் தமிழின் புணர்ச்சிக்கு ஒப்புவிக்காத சொல், பக்கத்துச் சொல்லோடு கைகோக்காத சொல்லே.

ஐந்தாவதே தலையாயது, சொல்லாக்கம். ‘ஊர்’ என்னும் ஓரசைச் சொல்லைப் பாருங்கள். ஊரார், ஊரவர், ஊரன், ஊரகம், ஊரவை, ஊராட்சி எனக் கிளைத்துக்கொண்டே செல்லும். அன்றியும், அச்சொல் இடத்தையும் குறிக்கும். ஆகுபெயராய் அவ்விடத்து மக்களையும் குறிக்கும். ‘ஊர் சிரித்தது’ என்றால் சிரித்தது மண்ணன்று, மக்கள். வில்லியனூர்த் திருக்காமீசர் கோயிலின் தேரை ஊர்கூடி இழுக்கும் என்போம். கொம்யூன் கூடி இழுத்தது என எவரும் சொல்லார்.

இவை யாவற்றினும் மேலாக, ‘ஊர்’ என்பது தன்மைப் பன்மை ஈறாகிய ‘ஓம்’ என்பதனை ஏற்கும், ‘ஊரோம்’ ஆகும். இது புலவர் கற்பனையன்று. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் ஊரவையினர் தம் முடிவுகளை எழுதுங்கால் ‘ஊரோம்’ என்றே எழுதினர். நாட்டவையினர் ‘நாட்டோம்’ என்றனர்; வணிகர் அவையினர் ‘நகரத்தோம்’ என்றனர். நிலம் விற்றாலும், ஏரிக்கு அறக்கட்டளை வைத்தாலும், வரி நீக்கினாலும், ‘இதனைச் செய்தோர் ஊராகிய நாங்களே’ என்பது அவ்வொரு சொல்லில் அடங்கிற்று. பெயரும் மக்களும் பொறுப்பும் ஒன்றாய்க் கலந்த சொல் அது.

ஈண்டு ஒரு தடை எழும். பார்ப்பனர்க்கு விடப்பெற்ற ஊர்களின் அவை ‘சபை’ என வடசொல்லால் வழங்கப்பெற்றது. அதுவும் ‘சபையோம்’ என ஈறேற்றதன்றோ என்பர். ஆம், ஏற்றது. அதனை மறைக்க மாட்டோம். உண்மையில் அது நம் கருத்தையே வலியுறுத்துகின்றது. அயற்சொல்லாயினும், அச்சபையில் இருந்தோர் தம் ஊர்ச் செய்திகளைத் தாமே முடிவு செய்தனர். எனவே ‘நாங்கள்’ என்னும் ஈறு தானாக வந்து ஒட்டிற்று. ‘கொம்யூன்’ என்பதில் அவ்வீறு இன்றுகாறும் ஒட்டவேயில்லை. ‘கொம்யூனோம்’ என்பார் ஒருவருமிலர். ‘நம்ம ஊரு’ என்பார் உண்டு. ‘நம்ம கொம்யூனு’ என்பாரைக் காண்டல் அரிது. மக்கள் வாயில் அஃது ஏற்கும் ஈறு ‘காரர்’ என்பதே. ‘கொம்யூன்காரர் வந்தார்’ என்றால், வரி தண்டவோ, வேறெதற்கோ அலுவலர் வந்தார் என்பது பொருள். ‘காரர்’ என்பது படர்க்கை; ‘ஓம்’ என்பது தன்மை. அத்தேநீர்க் கடை முதியவர் கண்டது இந்த இலக்கணத்தைத்தான்!

இஃது இலக்கணத்தோடு நின்றுவிடவுமில்லை. புதுவையில் 1968ஆம் ஆண்டு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் 2006ஆம் ஆண்டே நடந்தது. இடையே 38 ஆண்டுகள்! ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து பிள்ளை பெற்றுவிட்டது. தன் ஊர் மன்றத்திற்கு ஒருமுறையும் ஆள் தேர்ந்தெடுத்ததில்லை. 2006இல் வந்தோரின் காலம் 2011இல் முடிந்தது. அதன்பின் மீண்டும் பல்லாண்டு அலுவலர் ஆட்சியே. 2021இல் அறிவித்த தேர்தலும் நடவாது போயிற்று. ‘ஊரோம்’ எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் மக்களிடத்து இத்தனை நாள் இதனைச் செய்திருக்க இயலுமா? ‘ஊர்த்தேர்தல் ஏன் இல்லை’ என ஒவ்வொரு திண்ணையும் கேட்டிருக்கும். ‘கொம்யூன் தேர்தல்’ என்றதால், அஃது ஏதோ அலுவலகத்தின் செய்தி என மக்கள் வாளா இருந்தனர். சொல்லே முழுக் கரணியம் என்று யாம் கூறவில்லை. சொல்லும் ஒரு கரணியம் என்றே கூறுகின்றோம்.

அயர்லாந்து காட்டும் பாடம்

வேற்றவன் வகுத்த ஆட்சிப் பிரிவின் பெயரைத் தன் மொழியில் ஏற்க நேர்ந்த இனம் நாம் மட்டுமல்லோம். ஆங்கிலேயரிடம் நூற்றாண்டுக் கணக்கில் அடிப்பட்டுக் கிடந்த அயர்லாந்தும் அதற்கு உள்ளானது. நம் நிலையை அதனோடு ஒப்பிட்டால் ஓர் உண்மை விளங்கும்.

அந்நாட்டு ஐரிசு மொழியில் மாவட்டத்திற்குக் ‘கொந்தே’ என்று பெயர். இஃது ஐரிசுச் சொல்லன்று. நார்மானியப் பிரெஞ்சினின்று வந்த கடன்சொல். ஆங்கிலத்தில் ‘கவுண்டி’ என்பதும் அதே சொல்லே. அதன் மூலம் இலத்தீன். அங்கும் ‘கொம்’ என்னும் அதே முன்னொட்டே! நார்மானியரும் ஆங்கிலேயரும் அந்நாட்டை வென்று கூறிட்டபோது, 12ஆம் நூற்றாண்டு முதல் 1606ஆம் ஆண்டு வரை 32 கூறுகளாக வகுத்தனர். அவ்வரையோடு அப்பெயரும் வந்தது.

ஆனால், ஐரிசு மக்கள் அச்சொல்லை என்ன செய்தனர் பாருங்கள். தம் மொழியின் இலக்கணத்துக்கு அதனை முற்றும் அடிப்படுத்தினர். ‘கொந்தே’ அங்கு ஆண்பாற் பெயர். பன்மைக்கு ஐரிசின் ஈறே சேரும். அம்மொழியில் முன்னிற்கும் சொல்லுக்கு ஏற்ப அடுத்த சொல்லின் முதலெழுத்து மாறும். ‘கொந்தேயில்’ என்னும் பொருள்பட முன்னிடைச்சொல் வந்தால் அதன் முதல் வல்லெழுத்து மெலிந்து ஒலிக்கும். ‘கொந்தேயினுடைய’ என்னும் பொருளில் சுட்டு முன்வந்தால் அவ்வெழுத்தே தொண்டையில் உரசி ஒலிக்கும். நாம் ‘கொம்யூன்’ என்பதன் ஈற்றெழுத்தைக் கூடத் தொட அஞ்சுகின்றோம். அவர்களோ கடன்சொல்லின் முதலெழுத்தையே தம் இலக்கணப்படி திருத்தினர். ‘வீட்டுக்குள் வந்தால் வீட்டு முறைப்படி நட’ என்னும் இவ்வாணையைத்தான், வடசொல்லைப் பற்றித் தொல்காப்பியரும் நமக்கு இட்டுச் சென்றார்.

அத்துணைத் திறமுடையோர் அச்சொல்லையே நீக்கித் தம் பழஞ்சொல்லை மீட்டிருக்கலாமே எனின், மீட்க இயலவில்லை. அவர்தம் பழஞ்சொல் ‘தூஅ’ என்பது. அது பண்டு ஒரு குடியையும், அக்குடி வாழ்ந்த நிலத்தையும் ஒருங்கே குறித்தது. நம் ‘ஊர்’ போன்றே மக்களும் மண்ணும் ஒன்றான சொல். வேற்றாட்சியின் கீழ் அப்பழைய குடியமைப்பு அழிந்தது, சொல்லும் தேய்ந்தது. இன்று ‘தூஅ’ என்றால் பெரும்பாலும் ‘நாட்டுப்புறம்’ என்ற அளவே. ஆட்சிப் பொருள் அதனை விட்டு அகன்றுவிட்டது. ஆதலின், விடுதலைக்குப் பின்னும் அவர்கள் கடன்சொல்லோடு வாழ வேண்டியவர் ஆயினர்.

நம் நிலை அதுவன்று! நம் ‘ஊர்’ சாகவில்லை. சங்கப் பாட்டில் இருந்த அதே வடிவில், அதே பொருளில், இன்று வில்லியனூர்ச் சந்தையிலும் பாகூர் ஏரிக்கரையிலும் வழங்குகின்றது. அயர்லாந்தார்க்கு மூலச்சொல் இறந்ததால் கடன் தேவைப்பட்டது. நமக்கு மூலச்சொல் உயிரோடிருக்கக் கடன் எதற்கு? பெட்டியில் பொன்னிருக்க, வட்டிக்கு வாங்குவாரும் உண்டோ?

நம் சொல் எது?

பாகூர் இதற்கு விடை சொல்லும். இன்று பாகூர் எனப்படுவது பழம்பெயரால் வாகூர். அங்குக் கிடைத்த பல்லவன் நிருபதுங்கன் காலத்துச் செப்பேடு, 9ஆம் நூற்றாண்டினது. வாகூரில் இருந்த உயர்கல்வி நிலையம் ஒன்றுக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப் பெற்ற செய்தியை அது கூறுகின்றது. அவ்வூர்கள் அருவா நாட்டின் உட்பிரிவாகிய கீழ்வழி வாகூர் நாட்டில் இருந்தன. இன்று கொம்யூன் எனப்படும் இடத்திற்கு ஆயிரத்து நூறாண்டுகட்கு முன்பே ‘வாகூர் நாடு’ எனத் தமிழ்ப்பெயர் இருந்தது! அரசனின் ஓலை அந்நாட்டார்க்கே சென்றது. அவர்கள் அதனை ஏற்று, எல்லை சூழ்ந்து நடந்து, கல்லும் கள்ளியும் நட்டு, அதனை நிறைவேற்றினர்.

பழம்பெருமை பேசிக் குறைகளை மறைப்பது நம் நோக்கமன்று. அன்றை நாட்டார் நிலமுடையோர். உழுதுழைத்த ஏழை மக்கட்கும் பெண்டிர்க்கும் அவ்வவைகளில் இடமில்லை. உத்தரமேரூரில் குடவோலை முறையைக் கூறும் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகளும் (கி.பி. 919, 921) சொத்தும் வடமொழிக் கல்வியும் உடையார்க்கே உரிமை தந்தன. நமக்கு வேண்டுவது அவ்வமைப்பன்று; அமைப்பின்மேல் மக்கள் கொண்ட உரிமையைக் காட்டும் சொல்லே. இன்றைக் குடியாட்சியில் எல்லாரும் அவ் ‘ஓம்’ என்பதற்குள் அடங்குதல் வேண்டும்.

‘நாடு’ என்பது இன்று பெருநிலத்தைக் குறிப்பதால், வாகூர் நாடு என மீட்டும் வழங்குதல் மயக்கம் தரும் எனலாம். ‘கூற்றம்’ என்பது பண்டைய பிரிவுப் பெயரே எனினும், அஃது எமனையும் குறிக்குமாதலின் மக்கள் விரும்பார். வேறு சொல் தேடித் தொலைவு செல்ல வேண்டா. பாகூரின் வயல்வரப்பு ஒன்றைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். ஆங்குள்ள உழவன் ‘ஊராட்சி ஒன்றியம்’ ஒன்றில் வாழ்கின்றான். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழித் தமிழ்நாட்டில் அமைந்தவை தொடக்கத்தில் ‘பஞ்சாயத்து யூனியன்’ என்றே வழங்கின. அதில் ஒரு வடசொல், ஓர் ஆங்கிலச் சொல். இரண்டையும் விலக்கி ‘ஊராட்சி ஒன்றியம்’ என்றனர்; நாடு அதனை ஏற்றுக்கொண்டது. ஒன்று, ஒன்றுதல், ஒன்றிய, ஒன்றியம், ஒற்றுமை எனத் தமிழ்வேரில் கிளைத்த சொல் அது. கூடிச் சுமப்பது என்னும் இலத்தீன் கருத்தும் அதற்குள் அடங்கும். மகர ஈறாதலின் ‘அத்து’ச் சாரியை பெற்று ஒன்றியத்தை, ஒன்றியத்தார் என இயல்பாய் நடக்கும், ‘ஒன்றியத்தோம்’ எனத் தன்மையீறும் ஏற்கும். ‘வாகூர் ஊராட்சி ஒன்றியம்’, ‘வில்லியனூர் ஊராட்சி ஒன்றியம்’ என்னும் பெயர்களில் எங்கேனும் நா தடுக்கின்றதா, சொல்லிப் பாருங்கள்.

தடையும் விடையும்

‘கொம்யூன் என்பது புதுவையின் தனித்தன்மை, அதனை அழிக்கலாமா?’ என்பர் சிலர். புதுவையின் தனித்தன்மை அதன் மக்களிடத்தும், பாவேந்தரைப் பெற்ற அதன் தமிழிடத்தும் உள்ளது. பாரிசிலிருந்து வந்த ஆணையிடத்தன்று. கீழூரில் 1954 அக்தோபர் 18ஆம் நாள் கூடிய 178 பேருள் 170 பேர் இந்தியாவோடு இணைய ஒப்போலை அளித்தனர். அவருட் பலர் கொம்யூன் மன்ற உறுப்பினர். எனவே அச்சொல்லுக்கும் விடுதலையில் பங்குண்டு என்பர் வேறு சிலர். பங்கு அம்மாந்தர்க்கு உண்டு. அவர்மேல் ஒட்டப்பட்ட பெயருக்கு இல்லை. அவர்கள் கூடிய இடத்தின் பெயரிலும் ஓர் ‘ஊர்’ இருப்பதை அன்னோர் காண்பாராக.

‘சட்டம் இடந்தராது’ என்பர் அலுவலர். 1956ஆம் ஆண்டு ஒப்பந்தம், தேர்ந்தெடுக்கப் பெற்றோர் வேறாக முடிவு செய்யும் வரையிலேயே பிரெஞ்சு ஆட்சிமொழியாய் நிற்கும் என்றது. 1965ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழுக்கு இடந்தந்துவிட்டது. 2006ஆம் ஆண்டு அக்தோபர் முதல் நாள் ‘பாண்டிச்சேரி’ என்னும் பெயரே ‘புதுச்சேரி’ ஆயிற்று. அதற்கு நாடாளுமன்றமே சட்டம் செய்ய வேண்டியிருந்தது. வீட்டின் பெயரை மாற்றினோர்க்கு அறையின் பெயரை மாற்ற முடியாதா? புதுவைச் சட்டமன்றம் தான் இயற்றிய சட்டத்தில் ஒரு சொல்லைத் திருத்தினால் போதும். தமிழில் எழுதுங்கால் ‘ஊராட்சி ஒன்றியம்’ எனப் பெயர்த்தெழுதுவதற்கு அதுவும் வேண்டா; மனமிருந்தால் போதும்.

‘சொல்லை மாற்றினால் வாய்க்கால் தூர் வாரப்படுமா?’ என்பது கடைசிக் கேள்வி. இக்கேள்விக்கு யாம் மதிப்புத் தருகின்றோம். அயர்லாந்தில் 1937ஆம் ஆண்டு அமைப்புச் சட்டமே ஐரிசை முதல் ஆட்சிமொழி ஆக்கிற்று. முதன்மை அமைச்சரின் பெயர் ‘தீசக்’ என்னும் ஐரிசுச் சொல்; ‘தலைவன்’ என்பது அதன் பொருள். ஆங்கில நாளிதழ்களும் அச்சொல்லை மாற்றாது அப்படியே எழுதுகின்றன. பன்மையில் எழுதுங்காலும் ஐரிசுப் பன்மையையே பெரிதும் ஆள்கின்றன. ஆயினும், 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, ஐம்பது இலக்கத்திற்கு மேற்பட்ட மக்களுள் பள்ளிக்கு வெளியே நாள்தோறும் ஐரிசு பேசுவோர் 71,968 பேரே. பலகையில் சொல்லை ஏற்றுவது மட்டும் மொழியையும் காவாது, வாய்க்காலையும் தூர் வாராது. சொல் வாயில் இருத்தல் வேண்டும். நமக்கோ ‘ஊர்’ வாயில் இருக்கின்றது, பலகையில்தான் இல்லை. அவர்களுக்கு அரிதாய் இருப்பது நமக்கு எளிதாய் இருக்கின்றது. எளிதையும் செய்யாது விட்டால் அப்பழி எவர்மேல்?

ஆதலின், வில்லியனூர், வாகூர்ப் பகுதித் தமிழன்பர்கள் இன்றே இதனைத் தொடங்குக. அலுவலகத்திற்கு எழுதும் வேண்டுகை மடலில் ‘ஊராட்சி ஒன்றியம்’ என்றே எழுதுக. திருமண அழைப்பிலும், கடைப் பலகையிலும், முகவரியிலும் அங்ஙனமே இடுக. ஊர்க்கூட்டத்து முடிவுகளை எழுதுங்கால் இறுதியில் ‘ஊரோம்’ என்று எழுதிக் கையொப்பமிடுக. அச்சொல்லை எழுதிய கை, அதற்குரிய தேர்தலையும் கேட்கும், வாய்க்காலையும் கேட்கும், கணக்கையும் கேட்கும்.

‘அவர்கள்’ என்று சொல்லிச் சொல்லி நம் ஊரை நாமே பிறர்க்கு ஆக்கினோம். ‘ஓம்’ என்னும் ஈற்றை மீட்போம், ஊர் நம்மதாகும்!